ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

1

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேச்சு எங்கெங்கோ சுற்றி நதிகளில் வந்து நின்றது. நல்ல வாசகரும் நல்ல பேச்சாளருமான நண்பர் ஒருவர் எழுந்தார். ‘மனிதன் எவ்வளவு கெடுத்தாலும் ஆறு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். நம் மொழிக்கு அது தெரிந்திருக்கிறது. ஆறு என்ற சொல்லுக்குள்ளேயே ஆறுதல் இருக்கிறது. சுரங்கக் கழிவின் உலோகங்களை ஓடைகள் இயற்கையாகவே குறைத்துவிடுகின்றன என்று மேலைநாட்டு அறிவியலாளர்களே இன்று கணித மாதிரிகளைக் கொண்டு நிறுவிவிட்டார்கள்’ என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கைதட்டிய பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

உறுத்தலுக்கு முதற்காரணம் அந்தச் சிலேடை. ஓடும் நீருக்கும் வழிக்கும் ஆறு என்று பெயர். சூடு ஆறுகிறது, சினம் ஆறுகிறது, புண் ஆறுகிறது. பெயரும் வினையும் ஒலியில் ஒன்றாக நிற்பதைக் காட்டி வகுப்பில் மாணவர்களை மகிழ்விப்பது தமிழாசிரியர்களின் பழைய வித்தை. நானும் இருபதாண்டுகளாக அதைச் செய்து வந்திருக்கிறேன். வகுப்பறையில் அது சொல்நயம். ஒரு நதியில் ஈயமும் துத்தநாகமும் கலந்திருக்கும்போது அதையே வாதமாக எடுத்துவைத்தால், சொல்நயம் பொய்ச்சாட்சியாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நண்பர் சாட்சிக்கு அழைத்த அந்தக் கணித மாதிரிகள் அவர் சொன்னதைச் சொல்லவில்லை. ஏறத்தாழ அதற்கு நேர்மாறானதைச் சொல்கின்றன. என் தரப்பை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: ஓடை உலோகத்தைப் போக்குவதில்லை, இடம் மாற்றி வைக்கிறது. எங்கே வைக்கிறது, எவ்வளவு வைக்கிறது, எப்போது திருப்பித் தருகிறது என்று காட்டியவர்கள் அந்த மாதிரிகளை உருவாக்கியவர்களே. அவர்கள் காட்டியதைக் ‘குறைந்துவிட்டது’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கி, அந்தச் சொல்லுக்கு மாலை போட்டுக்கொண்டிருப்பவர்கள் நாம்.

2

‘இயற்கைத் தூய்மையாக்கம்’ என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. சொல்லின் ஊரைத் தெரிந்துகொண்டால் அது எங்கே செல்லுபடியாகும் என்பதும் தெரிந்துவிடும்.

1925-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் வெளியீடாக ஓஹையோ ஆற்றைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. எழுதியவர்கள் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர். அந்த ஆற்றின் மாசையும் அதன் இயற்கைத் தூய்மையாக்கத்தையும் பற்றியது அது. தலைப்பிலேயே அந்தச் சொற்கள் இருந்தன. நகரச் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. நுண்ணுயிர்கள் அந்த அழுக்கைத் தின்கின்றன; தின்னும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. ஆக்சிஜன் ஓரிடத்தில் அதலபாதாளத்துக்குச் சரிந்து, பிறகு காற்றிலிருந்து மெல்ல மெல்ல நிரம்பி, கீழே சில நாள் பயணத் தொலைவில் ஆறு தேறிவிடுகிறது. இதை இரண்டு வேகங்களின் போட்டியாகச் சமன்பாட்டில் எழுதிக்காட்டினார்கள் அவர்கள். ஆற்றுநீரின் தரத்தைக் கணிக்கும் மாதிரிகள் பலவற்றுக்கும் அதுவே மூத்த அண்ணன்.

அங்கே ‘தூய்மை’ என்ற சொல் முற்றிலும் நேர்மையானது. சாக்கடையின் கரிமப்பொருள் உண்மையாகவே இல்லாமல் போகிறது. அது கரியமில வாயுவாகவும் நீராகவும் உடைந்துவிடுகிறது. மீண்டும் மலமாக மாறித் திரும்பி வருவதில்லை.

ஈயத்தைத் தின்று வாயுவாக்கும் உயிர் எதுவும் கிடையாது. ஈயம் தனிமம். துத்தநாகம், காட்மியம், செம்பு, மாங்கனீசு எல்லாமே தனிமங்கள். உப்பாகலாம், துருவாகலாம், களிமண்ணில் ஒட்டலாம், மீனின் செவுளில் ஏறலாம். எங்கே போனாலும் ஈய அணு ஈய அணுதான். மக்கும் பொருளுக்காகப் பிறந்த சொல்லை மக்காத பொருளுக்கு எடுத்துக்கொண்டு போனதில்தான் பிழை தொடங்குகிறது. பின்னாளில் ‘தூய்மையாக்கம்’ என்பதன் இடத்தில் ‘இயற்கைத் தணிவு’ என்ற அடக்கமான சொல் வந்தது. சொல் மாறியது, கேட்பவர் மனத்தில் பழைய பொருளே தங்கிவிட்டது.

இத்தோடு இன்னொரு மயக்கமும் கலந்திருக்கிறது. குழம்பில் உப்புக் கூடிவிட்டால் நீர் ஊற்றுகிறோம். கரிப்புக் குறைகிறது, உப்புக் குறைவதில்லை. சுரங்க ஓடையில் கீழே போகப்போகத் துணையோடைகள் கலக்கின்றன. ஒரு லிட்டர் நீரில் உள்ள உலோகம் குறைகிறது. அது செறிவு. ஒரு நாளில் அந்த இடத்தைக் கடந்துபோகும் மொத்த உலோகம் வேறு. அது சுமை. செறிவு பாதியானாலும் நீர் இரட்டித்தால் சுமை அப்படியே இருக்கிறது. ‘ஆறு குறைத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, குறைந்தது செறிவா சுமையா என்பது. நண்பர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

3

இப்போது அந்த மாதிரிகளுக்கு வருகிறேன். இவை கணிப்பொறிக்கு முன்னால் அமர்ந்தவர்களின் கற்பனை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. தொடக்கம் நீரில் கால் நனைத்துத்தான்.

கலிபோர்னியாவில் யூவாஸ் என்றொரு சிற்றோடை. 1972-இல் அதில் உப்பை அளந்து மூன்று மணி நேரம் தொடர்ந்து விட்டார்கள். அப்போது ஓடையில் ஓடியது நொடிக்கு 12 லிட்டர் அளவுக்கான மெலிந்த நீர். கீழே 619 மீட்டர் வரை பல இடங்களில் நின்று, உப்பு எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது போய்முடிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஓடை வெறும் வாய்க்காலாக இருந்தால் உப்பு ஒரு கூட்டமாக வந்து ஒரு கூட்டமாகப் போய்விட வேண்டும். அப்படிப் போகவில்லை. உச்சம் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்திருந்தது. கடைசி உப்பு நெடுநேரம் கசிந்துகொண்டே வந்தது. திருவிழா முடிந்த பிறகும் கடைத்தெருவில் நின்று நின்று வீடு திரும்பும் ஊர்க்காரர்களைப்போல.

எங்கே நின்றது அந்த உப்பு? கரையோரக் குட்டைகளில், பாறை மறைவுகளில், முக்கியமாகப் படுகையின் கூழாங்கற்களுக்கு அடியில். நம் கண்ணுக்குத் தெரியும் ஆற்றுக்குக் கீழே தெரியாத ஓர் ஆறும் ஓடுகிறது. நீர் சரளைக்குள் இறங்கி, சில மணிகளோ நாட்களோ கழித்து மீண்டும் மேலேறி வருகிறது. கென்னத் பென்காலாவும் ராய் வால்டர்ஸும் 1983-இல் இதைச் சமன்பாடாக்கினார்கள். ஓடும் நீருக்கு ஓர் அறை, தேங்கும் நீருக்கு ஓர் அறை, இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல். தற்காலிகத் தேக்க மாதிரி என்று அதற்குப் பெயர். 1998-இல் அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனத்தின் ராபர்ட் ரங்கெல் இதை யாரும் பயன்படுத்தத்தக்க கணினி நிரலாக வெளியிட்டார். ஓட்டிஸ் என்று அதை அழைக்கிறார்கள். பிறகு வேதிவினைகளையும் சேர்த்துக் கணக்கிடும் நிரல் வந்தது.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பாட்டிமார் சொல். அதைச் சொல்லுக்குச் சொல் செய்துகாட்டியவர்கள் இவர்கள்.

சரி, உலோகம் அந்த அடியறைக்குள் போனால் என்ன ஆகிறது? அரிசோனாவின் குளோப், மியாமி என்ற ஊர்களை ஒட்டிய செம்புச் சுரங்கப் பகுதியில் பினால் ஓடை இருக்கிறது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சுரங்கம் உண்டு. சுரங்க அமிலம் நிலத்தடி நீரில் இறங்கி, உலோகத்தைச் சுமந்து ஓடையில் வெளிவருகிறது. ஜட்சன் ஹார்வியும் கிறிஸ்டோபர் ஃபுல்லரும் படுகைக்குள் சில அங்குல ஆழத்தில் நீரெடுத்து அளந்தார்கள். சரளைக்குள் இறங்கும் நீரின் மாங்கனீசை அங்குள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அது கரும்பூச்சாகக் கற்களில் படிகிறது. கோபால்ட், நிக்கல், துத்தநாகம் ஆகியவையும் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்கின்றன. ஓடையின் வழியே வடிநிலத்தை விட்டு வெளியேறியிருக்கக்கூடிய கரைந்த மாங்கனீசில் சுமார் 20 விழுக்காட்டை இந்தச் சரளை பிடித்துவைத்துவிடுகிறது என்று 1998-இல் எழுதினார்கள்.

வியக்கத்தக்க கண்டுபிடிப்புதான். நீரோடும் நிலத்துக்கு ஒரு குடல் உண்டு என்று சொன்னதைப்போல. அதை மறுப்பவன் நானல்ல. ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்று, புகழ்பெற்ற இந்த எடுத்துக்காட்டிலேயே ஐந்தில் ஒரு பங்குதான் பிடிபட்டது; மீதி கீழே போய்விட்டது. இரண்டு, பிடிபட்டதும் எங்கும் போகவில்லை. படுகையில் இருக்கிறது.

இங்கே ஒரு சொல்லைக் குறிப்பாகச் சுட்ட வேண்டும். இத்தகைய மாதிரிகளில் ஒரு பொருள் ஓடும் நீரிலிருந்து எந்த வேகத்தில் குறைகிறது என்பதற்கு ஒரு கெழு உண்டு. கதிரியக்கப் பொருளின் தேய்வுக்கு எழுதும் அதே வடிவச் சமன்பாடுதான். பெயரும் ‘சிதைவு’ என்பதே. கணிதத்துக்கு அதில் குற்றமில்லை. வளைகோடு ஒன்றாக இருந்தால் சமன்பாடும் ஒன்றாக இருக்கலாம். அந்தத் துறையினர் ‘நீக்கம்’ என்று எழுதும்போது அவர்களுக்குள் ஒரு மௌன ஒப்பந்தம் இருக்கிறது: ‘நீரிலிருந்து நீங்கியது, படுகையில் சேர்ந்தது’ என்பதன் சுருக்கம் அது. துறையை விட்டு வெளியே வரும்போது அந்தப் பின்பாதி உதிர்ந்துவிடுகிறது. செய்திக்குறிப்பில் ‘நீங்கியது’ மட்டும் வருகிறது. மேடையில் அது ‘ஆறியது’ ஆகிறது. சொல்லின் பாதி உதிர்ந்ததைக் கவனிக்க வேண்டியவர்கள் சொல்லையே தொழிலாகக் கொண்டவர்கள். நாம் கவனிக்கவில்லை.

4

படுகை பிடித்ததைத் திருப்பித் தருமா? தரும். சில ஓடைகளில் அன்றாடம் தருகிறது.

கொலராடோவில் லெட்வில் நகரத்துக்கு அருகே செயின்ட் கெவின் என்ற அமில ஓடையில் டயான் மெக்நைட்டும் அவரது உடன் ஆய்வாளர்களும் 1980களில் ஒன்றைக் கண்டார்கள். நண்பகலில் நீரில் கரைந்த இரும்பு ஏறுகிறது. வெயில் பட்டதும் படுகையின் இரும்புத்துரு ஒளிவேதிவினையால் மீண்டும் கரைந்து வெளிவருகிறது. மொன்டானா, ஐடஹோ மாநிலங்களின் சுரங்க ஓடைகளில் டேவிட் நிமிக் குழுவினர் வேறொரு தாளத்தை அளந்து 2003-இல் வெளியிட்டார்கள். அங்கே கரைந்த துத்தநாகம் பிற்பகலில் மிகக் குறைவு. இரவெல்லாம் ஏறி விடியலுக்குச் சற்று முன்பு உச்சம் தொடுகிறது. வேறுபாடு 500 விழுக்காடு வரை போயிருக்கிறது. அதே ஓடை, அதே நாள், அதே இடம். பகலுணவு முடித்துச் சாவகாசமாக வந்து புட்டியில் நீரெடுப்பவருக்கு ஒரு நதி. பின்னிரவில் எடுப்பவருக்கு வேறொரு நதி. ‘சோதித்தோம், குறைந்திருக்கிறது’ என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இனி மணி கேட்கத் தோன்றும்.

அன்றாடக் கடன் இது. நூற்றாண்டுக் கடன் ஒன்றும் உண்டு. மொன்டானாவில் ப்யூட், அனகோண்டா ஊர்களின் செம்புச் சுரங்க, உருக்காலைக் கழிவுகள் கிளார்க் ஃபோர்க் நதியில் விழுந்தன. 1908-இல் பெருவெள்ளம் வந்து அவற்றை வாரிக்கொண்டு ஓடியது. அவ்வாண்டுதான் மில்டவுனில் அணையொன்று கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ப்யூட்டிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தாண்டி வந்த சேறு அந்த அணைக்குப் பின்னால் படிந்தது. மேலே நீர் தெளிந்தது. பார்த்தவர்கள் நதி தேறிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். எந்த மாதிரியும் அன்று அந்த நீரைச் சோதித்துத் ‘தணிந்தது’ என்று சொல்லியிருக்கும்.

1981-இல் மில்டவுன் வீட்டுக் கிணறுகளில் ஆர்செனிக் இருப்பது தெரிந்தது. இடையில் 73 ஆண்டுகள். சேற்றில் அடங்கியிருந்த நஞ்சு நிலத்தடி நீரில் இறங்கிக் குடிநீருக்குள் வந்துவிட்டிருந்தது. 1983-இல் அந்த இடம் அமெரிக்க அரசின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது மிக மோசமாக மாசுபட்ட தலங்களின் பட்டியலில் ஏறியது. 1996 பிப்ரவரியில் பனிப்பாளங்கள் அணையை நோக்கி வந்தபோது அஞ்சி நீர்மட்டத்தை இறக்கினார்கள்; சேறு அரிக்கப்பட்டு, செம்பு கீழே பாய்ந்தது. கடைசியில் 2008 மார்ச்சில் அணையையே உடைத்தார்கள். சுமார் 17 லட்சம் கன மீட்டர் சேற்றைத் தோண்டி, இரயிலில் ஏற்றி, அனகோண்டாவுக்கு அருகே பழைய கழிவுக் குட்டைகளுக்கு அனுப்பினார்கள். அந்தக் குட்டைகளை ஒட்டிய ஊரின் பெயர் ஆப்பர்ச்சூனிட்டி. நல்வாய்ப்பு என்று பொருள். நதி செய்ததையே மனிதர்களும் செய்தார்கள்: இடம் மாற்றி வைத்தார்கள். ஒரு வேறுபாடு உண்டு. மனிதர்கள் எங்கே வைத்தோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி 2015. ஆகஸ்ட் 5 அன்று கொலராடோவின் சில்வர்டனுக்கு மேலே, கோல்ட் கிங் என்ற கைவிடப்பட்ட சுரங்கத்தின் அடைபட்ட வாயிலைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காகப் பணிசெய்தவர்கள் தோண்டியபோது அது பிளந்துகொண்டது. ஒரு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட அமிலநீர் சிமென்ட் ஓடை வழியாக அனிமாஸ் நதிக்குள் பாய்ந்தது. நதி மஞ்சள் சேறாக ஓடிய படங்களை உலகமே பார்த்தது. சில நாட்களில் நிறம் போய்விட்டது. மாநில ஆளுநராக இருந்த ஜான் ஹிக்கன்லூப்பர் டுராங்கோவில் அனிமாஸ் நீரைப் புட்டியில் அள்ளி, அயோடின் வில்லையைப் போட்டு, குடித்தும் காட்டினார்.

அந்த வில்லை கிருமியைக் கொல்லும். ஈயத்தை ஒன்றும் செய்யாது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஓடும் நீர் விபத்துக்கு முந்தைய நிலைக்கு வந்துகொண்டிருந்தது உண்மையே. ஆனால் விபத்துக்கு முந்தைய நிலை என்பது என்ன? ஒரு நூற்றாண்டாகச் சுரங்கங்கள் கசிந்துகொண்டிருந்த நிலை. அந்தச் சுரங்க வட்டாரம் 2016-இல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017-இல் வெளிவந்த முகமையின் அறிக்கை இரண்டு செய்திகளைச் சொன்னது. விபத்தில் அனிமாஸுக்குள் போன உலோகத்தின் பெரும்பகுதி சுரங்கத்துக்கு உள்ளிருந்து வந்ததல்ல. வெளியே குவிந்திருந்த பழைய கழிவையும் சிமென்ட் ஓடையின் படுகையையும் அரித்துக்கொண்டு வந்தது. அதாவது ஓடை முன்னர் ‘தணித்து’ வைத்திருந்ததும் அந்தச் சேற்றோடு சேர்ந்து வந்தது. மற்றொன்று, அந்த மொத்த உலோகம் வசந்தகாலப் பனியுருக்கின்போது அந்த நதி ஓரிரு நாட்களில் சுமந்து செல்லும் அளவை ஒத்தது. இதை ஆறுதல் செய்தியாகப் படித்தவர்கள் உண்டு. எனக்கு அது குற்றப்பத்திரிகையாகத் தெரிகிறது. உலகத்தையே அதிரவைத்த ஒரு விபத்தின் சுமையை அந்த நதி ஆண்டுதோறும், யாரும் படமெடுக்காமல், சுமந்துகொண்டிருக்கிறது.

கீழே ஷிப்ராக் பகுதியின் நவஹோ உழவர்கள் கால்வாய்களை அடைத்தார்கள். நீர் சரியாகிவிட்டது என்று அதிகாரிகள் சொன்ன பிறகும் திறக்க மறுத்தார்கள். அறியாமை என்று சிலர் சொன்னார்கள். அதிகாரிகள் நீரைப் பற்றிப் பேசினார்கள். உழவர்களின் கவலை வண்டலைப் பற்றியது. எந்தக் கேள்வி அறிவியலுக்கு நெருக்கமானது என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன்.

இலக்கிய வாசகர்களுக்காக ஒரே ஒரு காட்சியைச் சேர்த்துக்கொள்கிறேன். ஐடஹோவின் கோர்டலேன் வடிநிலத்தில் 1880களிலிருந்து வெள்ளி, ஈயச் சுரங்கங்கள். அரைத்த கழிவை 1968 வரை ஆற்றிலேயே விட்டார்கள். ஈயம் நீரில் நெடுநாள் நிற்கவில்லை, வண்டலாகப் படிந்தது. வெள்ளச் சமவெளியின் சதுப்புகளிலும் கீழே ஏரியிலும் அது கிடக்கிறது. வலசை வழியில் துந்த்ரா அன்னங்கள் அங்கே இறங்குகின்றன. நீர்த்தாவரங்களின் கிழங்கையும் வேரையும் தோண்டித் தின்னும்போது சேற்றையும் விழுங்குகின்றன. ஈய நஞ்சால் இறக்கின்றன. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நாம் ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றிவரும் பறவையினம். சேற்றிலிருந்து ஈயத்தைப் பிரிக்க அதற்குத் தெரியவில்லை.

5

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

முதல் மறுப்பு நம் சிற்றிதழ்ச் சூழலிலிருந்து வரும். ‘நதியைச் சமன்பாடாக்குவது ஒரு வன்முறை. எண்களால் நதியை அறிய முடியாது’ என்பார்கள். இந்த வாதத்தின் அழகில் நானும் ஒருகாலத்தில் மயங்கியவன்தான். இன்று எனக்கு இதில் உடன்பாடில்லை. நதியைத் தாயென்று பாடிய எவருக்கும் தாயின் மடிக்குள், சரளைக்கு அடியில், இன்னொரு நதி ஓடுவது தெரிந்திருக்கவில்லை. உப்பை அளந்து விட்டு, வெயிலிலும் விடியலிலும் கரையில் காத்து நின்றவர்களுக்குத்தான் அது தெரிந்தது. அந்தக் காத்திருப்பில் இல்லாத எந்தப் பக்தி நம் பாடலில் இருக்கிறது? மேலும், நதியைப் பற்றிய உருக்கமான கட்டுரையைக் கண்டு சுரங்க நிறுவனம் எதுவும் அஞ்சப் போவதில்லை. வேண்டுமானால் தன் ஆண்டறிக்கையின் முகப்பில் அச்சிட்டுக்கொள்ளும். அது அஞ்சுவது மேல்முனையிலும் கீழ்முனையிலும் சுமையைக் கணக்கிட்டு, இடையில் காணாமல்போனது எங்கே என்று கேட்கும் அட்டவணைக்கு.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். ‘இந்த மாதிரிகள் நிறுவனங்களின் கையாட்கள், வேண்டிய கெழுவைப் போட்டு வேண்டிய விடையை வாங்கிக்கொள்ளலாம்’ என்பார்கள். இந்த ஐயத்தில் நியாயம் உண்டு. கோடையில் மெலிந்து ஓடும் ஓடையில் பொருத்திய கெழு, பனியுருகிப் பாயும் வெள்ளத்துக்குச் சாட்சி சொல்லாது. அப்படிச் சொல்லவைப்பது மோசடி. ஆனால் அதே கருவியை வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சில்வர்டனுக்கு அருகே மினரல் ஓடையில் ரங்கெல்லும் பிரையன்ட் கிம்பலும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல. இந்த மாசு மூலத்தைச் சுத்திகரித்தால் கீழே நீர் எப்படி மாறும் என்று வெவ்வேறு தீர்வுகளை எடைபோடுவதற்காக எழுதப்பட்டது. மருத்துவர் நாடி பிடிப்பது நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்காகவும் இருக்கலாம், எங்கே கத்தி வைப்பது என்று அறிவதற்காகவும் இருக்கலாம். நாடியின்மேல் குற்றமில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே நிலத்திலும் நிலத்தடி நீரிலும் இயற்கைத் தணிவைத் தீர்வாக ஏற்பது பற்றி 1999-இல் வழிகாட்டுதல் வெளியிட்டபோது, அதன் பெயரின் முன் ‘கண்காணிக்கப்படும்’ என்ற அடைமொழியை வைத்தது. இது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதன் மறுபெயரல்ல என்றும் சொன்னது. நம் மேடைகளில் முதலில் காணாமல்போவது அந்த அடைமொழி.

ஆகவே, ‘ஓடை குறைத்துவிடும்’ என்று யார் சொன்னாலும், அவர் கவிஞரோ பொறியாளரோ ஆளுநரோ, கேட்பதற்குச் சில எளிய கேள்விகள் உள்ளன. குறைந்தது செறிவா, சுமையா? எந்த மணியில், எந்தப் பருவத்தில் அளந்தீர்கள்? நீரில் குறைந்தது எங்கே சேர்ந்தது? எந்த வெள்ளம், எந்த அமிலம், எந்த மண்வெட்டி அதை எழுப்பும்? அதற்கு எத்தனை தலைமுறை காவல், காவற்கூலி யாருடையது? இவற்றைக் கேட்கக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தில் எழுவாய் எங்கே போனது என்று கேட்கத் தெரிந்தால் போதும். ‘உலோகம் நீக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டுவினையைப் பார்த்ததும் ‘யாரால், எங்கே?’ என்று கேட்கும்படி நாம்தானே மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம்.

கடைசியாக, அந்தச் சிலேடைக்கே திரும்புகிறேன். புண்ணுக்கு நம் மொழியில் இரண்டு கதிகள் உண்டு. ஆறும், அல்லது புரையோடும். மேல்தோல் மூடி, பார்ப்பவருக்கு ஆறியதாகத் தெரிந்து, உள்ளே குழல் குழலாகச் சீழ் பரவும் நிலைக்குப் புரையோடுதல் என்று பெயர். சிற்றூர் வைத்தியர்கூட மேல்தோலைப் பார்த்து ஏமாற மாட்டார்; அழுத்திப் பார்ப்பார். மில்டவுனில் 73 ஆண்டுகள் நடந்தது ஆறுதல் அல்ல, புரையோடுதல். இந்தச் சொல்லும் நம்மிடம் இருந்தது. இருந்தும் நாம் இனிமையான சொல்லை எடுத்துக்கொண்டு, உண்மையான சொல்லை விட்டுவிட்டோம்.

அடுத்த பருவத்தில் ‘ஆறு’ என்ற சொல்லை வகுப்பில் விளக்கும்போது பழைய சிலேடையை நான் சொல்லாமல் விடப்போவதில்லை. அதன் பக்கத்திலேயே இந்த இரண்டாவது சொல்லையும் எழுதிவைப்பேன். கூட்டத்தில் பேசிய நண்பரிடமும் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். அன்று கைதட்டியதற்கு என் பதில் இது.